நடுவில் இருந்த நாற்காலி

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த வருஷம், காஜா பெராங் தெரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. ஒரே மேசையில் என்னை நடுவில் வைத்துக்கொண்டு, "சோறு ஆறுதுன்னு அப்பாகிட்ட சொல்லு", "பசிக்கலன்னு அம்மாகிட்ட சொல்லு" என்பார்கள். எட்டு வயதில் எனக்குத் தினமும் வயிற்றுவலி.

பெரியாஸ்பத்திரி டாக்டர் எங்கள் மூவரையும் வரச் சொன்னார். என் வயிற்றைத் தொடவே இல்லை. அவர்கள் நடுவில் இருந்த என் நாற்காலியை என்னோடு சுவரோரம் இழுத்துப் போட்டுவிட்டு, "இப்பப் பேசுங்க" என்றார்.

 அப்பா, நான் முன்பு இருந்த வெற்றிடத்தைப் பார்த்து, "பிள்ளை இளைச்சுப்போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார். யாரிடம் சொல்கிறார்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டாக்டர் மருந்தும் தரவில்லை. "அடுத்த வாரம் நீங்க ரெண்டு பேர் மட்டும் வந்தாப் போதும்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வயிற்றுவலிக்காரி நானல்லவா?