முள்ளுக்குள் திருப்பிய குதிரை

ஆங்கிலேயக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போவதற்கு முந்திய வருடம், துறைமுகத்துக்கு மேலேயுள்ள பற்றைக்காட்டில் குதிரைப் போட்டி வைத்தார்கள். முதல் நாள் மைதானத்தில் சொற்கேட்டு நடப்பது, இரண்டாம் நாள் காட்டோட்டம், மூன்றாம் நாள் தடை தாண்டுவது. மூன்றையும் ஒரே குதிரையில் முடிக்க வேண்டும். டொக்யார்டில் கிளாக்கராக இருந்த நான் என் மேலதிகாரியின் பெண்குதிரையில் ஓடினேன். எந்தத் தடைக்கும் நின்றறியாத குதிரை. முதல் நாள் முடிவில் நாங்கள்தான் முன்னுக்கு.

காட்டோட்டத்தில் எனக்கு முன்னால் போனவர் கொழும்பிலிருந்து வந்த பொலிஸ்காரர், யாழ்ப்பாணத்தவர். ஏற்றத்தின் உச்சியில் ஒரு மரக்குற்றித் தடை. அதற்கு அப்பால் பள்ளம். பாயும்வரை பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. யாராவது விழுந்தால் பின்னால் வருபவரை நிறுத்தக் கொடியோடு தடையருகே நிற்க வேண்டிய மாலுமியைக் காணவில்லை. என் குதிரை வேகமெடுத்துவிட்டது. அப்போதுதான் அப்பாலிருந்து இன்னொரு குதிரையின் அலறல் கேட்டது.

கடிவாளத்தை இழுத்தேன். நிற்கவில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரு பக்கம் திருப்பி ஈச்சம் பற்றைக்குள் விட்டேன். குதிரையும் நானும் விழுந்தோம்.

எழும்பி ஓடிப் பார்த்தால், பொலிஸ்காரரின் கால் அவருடைய குதிரைக்குக் கீழே. மாலுமி அவரைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, காலை எடுக்க ஏலாது. இது எழும்பினா என்னை மிதிச்சுப்போடும்.”

“அசையாதேங்கோ அண்ணை. நான் தலையைப் பிடிக்கிறன்.”

குதிரையின் கழுத்தில் என் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினேன். அது திமிறும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்தார். “விட்டிடாதையும்” என்றார். ஆட்கள் கயிறோடு வந்து அவரை வெளியே எடுக்கும்வரை விடவில்லை. கால் முறிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை.

போன நேரத்தைக் கழித்துவிடுவதாகச் சொல்லி, அதே தடையிலிருந்து தொடரும்படி நடுவர் சொன்னார். என் குதிரை முள் கீறி நடுங்கிக்கொண்டு நின்றது. தடைக்குக் கொண்டுபோனேன், நின்றுவிட்டது. மறுபடியும் நின்றது. சற்றுமுன் பற்றைக்குள் திருப்பி, நிற்கலாம் என்று பழக்கியவன் நானல்லவா? மூன்றாம் முறையும் நின்றால் போட்டியை விட்டு வெளியேற வேண்டியதுதான். கழுத்தைத் தடவி, கடிவாளத்தைத் தளர்த்தி, மெல்ல ஏறவிட்டேன். உச்சியில் தயங்கியது. பிறகு பாய்ந்தது.

மூன்று நாளும் முடிந்தபோது, அந்த இரண்டு தரிப்புகளுக்கும் வெட்டிய புள்ளிகள் எங்களைக் கடைசிக்கு முந்திய இடத்துக்குத் தள்ளிவிட்டன. ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரரைப் போய்ப் பார்த்தேன்.

“நீர் வெல்ல வேண்டிய போட்டி, தம்பி.”

“ஓம், வெல்ல வேண்டியதுதான்” என்றேன். இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை.

அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். பிறகு தன் குதிரைக்கு ஏதும் காயமா என்று கேட்டார்.