முனி வேண்டாமென்ற சிப்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் போட்டோகொப்பிக் கடை. அடுத்தது சோலைமலையின் கம்ப்யூட்டர் கடை. கொழும்பிலிருந்து லெப்டொப்பின் வெறும் கூட்டை வாங்கிவந்து, கேட்பவருக்கு ஏற்றபடி உள்ளே சாமான் பூட்டிக் கொடுப்பார். கைராசிக்காரர். ஆனால் அவர் ரோதைமுனியிடம் பூக்கட்டி உத்தரவு கேட்பதைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைக் காக்கும் சாமி அது. அதன் கோயிலிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து கடை மூலையில் வைத்திருந்தார். முன்பு அக்கரப்பத்தனைத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் வேலை பார்த்தவர். வாலிப முறுக்கில் முனியைக் கேட்காமல் ஒரு புது பெல்ட்டை மாட்டிவிட்டார். அன்றே அந்த பெல்ட் கூட்டாளி அழகனின் வலக்கையை இழுத்துக்கொண்டது. ஆள் ஆஸ்பத்திரிவரை தாங்கவில்லை. வீட்டில்கூடச் சொல்லாத இந்தக் கதையை ஒரு மழைநாளில் என்னிடம் சொன்னார்.

2006இல் அவர் மகள் நிலக்ஷிக்குப் பேராதனையில் என்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்தது. அவளுக்கென்று ஒரு லெப்டொப் கட்டினார். பூட்ட இரண்டு ப்ரோசசர் சிப் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒன்றின் வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ், மற்றதன் வேகம் 1.73. அவ்வளவுதான் வித்தியாசம்.

"இதுக்குப் போயா சாமிய தொந்தரவு பண்ணுவாங்க?" என்றேன்.

அவர் காதிலேயே வாங்கவில்லை. வேகமானதற்குச் சிவப்புப் பூ, மற்றதற்கு வெள்ளைப் பூ என்று வெற்றிலையில் மடித்துக் கல்லின் முன் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் வெள்ளை.

"அப்பா, ப்ளீஸ்ப்பா. எனக்கு ஸ்பீடானதுதான் வேணும்" என்று நிலக்ஷி அவர் தோளைப் பிடித்துத் தொங்கினாள். ஒரே மகள். மனசு இளகிவிட்டது. வேகமானதையே பூட்டினார். பூட்டுமுன் அவர் கல்லைப் பார்த்துக் கும்பிட்டதைக் கண்டு நான் சிரித்தேன்.

அவள் பேராதனைக்குப் போன மறுவாரம் கடைக்குப் போன் வந்தது. கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறிப்போனது. மகள் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னார்:

"லெப்டொப்ப போட்டா ரூம் கதவுகிட்ட ஒரு ஆளு நிக்கிறாராம். பேச மாட்டேங்கிறாராம். சட்டையில வலது கை மட்டும் வெறுமனே தொங்குதாம்."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ரயிலிலேயே, வெள்ளைப் பூவுக்கு வந்த சிப்பைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். மகளின் லெப்டொப்பில் அதை மாற்றிப் பூட்டினார். கழற்றியதைக் கையோடு கொண்டுவந்து, தன் மேசையிலிருந்த பழைய லெப்டொப்பில் பூட்டினார். என்ன காரியம் செய்கிறார் இந்த மனுசன் என்று பதறிப்போனேன்.

"தூக்கி எறிஞ்சிட்டு வராம, இத ஏன் இங்க கொண்டாந்தீங்க?"

"எறிஞ்சா வேற யாரு வீட்டு வாசல்லயாவது போயி நிப்பான். என்னையத் தேடித்தான வந்திருக்கான்? எங்கிட்டயே இருக்கட்டும்."

நிலக்ஷிக்கு அதன்பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. நன்றாகப் படித்து வேலைக்கும் போய்விட்டாள். சோலைமலை மட்டும் காலையில் கடையைத் திறந்ததும் அந்த லெப்டொப்பைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவார்.

ஒருநாள் பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. கதை பேசலாமென்று போய், மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூலை இழுத்தேன்.

"அதுல உக்காராதீங்க" என்றார், வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "அழகன் இருக்கான். இத்தன வருசமா நின்னுக்கிட்டே இருந்தான், பாவம்."

விளையாட்டாகத்தான் ஸ்டூலில் கையை வைத்துப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் பலகை சூடாக இருந்தது.