சுழற்காற்றுக்கு மறுநாள் சொன்ன ‘வேண்டாம்’

இந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் காபி வேண்டுமா என்று ஒரே ஒருமுறைதான் கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். திருப்பூரில் வளர்ந்த எனக்கு இது இன்னும் பழகவில்லை. நம் பக்கத்தில் ‘இப்பத்தானுங்க குடிச்சேன்’ என்பது விருந்தாளியின் மரியாதை; அதைக் காதில் வாங்காமல் டம்ளரைக் கையில் திணிப்பது வீட்டுக்காரரின் மரியாதை. ஒஹையோ மாநிலத்தின் இந்தச் சிற்றூருக்குக் காலுறை பின்னும் மில்லில் வேலை கிடைத்து வந்த முதல் வருஷம், பல வீடுகளிலிருந்து தொண்டை காய்ந்துதான் திரும்பினேன். என் மனைவி சரசு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளும் அப்படித்தான் திரும்பினாள் என்பது வேறு விஷயம்.

1974 ஏப்ரலில்தான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று புரிந்தது. ஒரு பகலும் இரவுமாகப் பல மாநிலங்களில் டொர்னேடோ என்கிற சுழற்காற்றுகள் நூற்றுக்கும் மேல் இறங்கின. அப்படியொரு நாளை இங்குள்ள கிழவர்களே கண்டதில்லையாம். காற்றைப் பற்றி எனக்கா சொல்லித் தரவேண்டும் என்ற திமிர் எனக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றை எதிர்த்து சைக்கிள் மிதித்தவன் நான். வானம் பாசிநிறமானபோதும் சன்னலருகே நின்று வேடிக்கை பார்த்தேன். சரசுதான் எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் சட்டையைப் பிடித்து நிலவறைக்கு இழுத்துப் போனாள். தலைக்கு மேலே பலகைகள் பிய்யும் சத்தம் கேட்டது. மேலே ஏறி வந்தபோது வீட்டின் முன்பாதி மட்டும் நின்றது. சமையலறையும் படுக்கையறையும் இருந்த இடத்தில் வெட்டவெளி தெரிந்தது.

இரவை நிலவறையில் கழித்தோம். காலையில் பனித்தூறல். குழந்தைக்கு இருமல் வந்துவிட்டது. நிவாரண வேன் ஒன்று வாசலில் நின்றது. டோரத்தி என்ற அம்மாள் இறங்கி, ஏதாவது தேவையா என்று கேட்டார். தெருவிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருக்கும். நான் நிமிர்ந்து நின்று, “நோ, நோ, வீ ஆர் ஃபைன்” என்றேன். இரண்டாம் முறை கேட்பார், அப்போது தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் மகிழ்ச்சியோடு கையசைத்துவிட்டு வேனில் ஏறிப் போயே போய்விட்டார்.

என் மாமனாரின் பனியன் கம்பெனியில் ஒருமுறை தீப்பிடித்து, நூலும் மெஷினும் கருகிவிட்டன. மறுநாள் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் தங்களுடைய பின்னல் மெஷின் ஒன்றைக் கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். “அதெல்லாம் உடுங்க, இதை எங்க வெக்கோணும்னு மட்டும் சொல்லுங்க” என்றார் வந்தவர். அந்த வீட்டில் பிறந்த சரசுவின் முன்னால்தான், வேன் போன பிறகு நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன்.

சரசு குழந்தையைக் கம்பளியில் சுற்றினாள். “ஏனுங்க, கேட்டு வாங்கறதுக்குத்தானுங்க நமக்குக் கூச்சம். வேலை செய்யறதுக்கு என்னங்க கூச்சம்? வாங்க போலாம்” என்றாள்.

வீடிழந்தவர்களைப் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்த துணிகள் அங்கே மலையாகக் குவிந்து கிடந்தன. சரசு யாரையும் கேட்கவில்லை. உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். அப்பாவின் கம்பெனியில் செக்கிங் மேசையருகே வளர்ந்தவள். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று ஆளைப் பார்த்தே பனியன் சைஸ் சொல்லுவாள். இங்கேயும் வருகிறவரின் மார்பை ஒரு பார்வை, குவியலில் ஒரு கை, அவ்வளவுதான். போட்டுப் பார்த்தவர்கள் யாரும் மாற்றித் தரக் கேட்கவில்லை. மதியத்துக்குள் அவள் கையில் தொண்டர் பட்டையைக் கட்டிவிட்டார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் தங்க இடம் கேட்டுப் பெயர் கொடுக்கும் மேசை பக்கத்திலேயே இருந்தும் எனக்குக் கால் எழவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, குழந்தையின் இருமலும் நிற்கவில்லை.

எங்கள் பின்வீட்டுக் கிழவர் ஏர்ல் கிழிந்த சட்டையோடு வந்தார். கோட்டு வேண்டுமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் என்றார்; கேட்டவர் போய்விட்டார். சரசு எழுந்து, கனமான கோட்டு ஒன்றை அவர் தோளில் போட்டு, பொத்தானையும் தானே மாட்டிவிட்டாள். கிழவர் மறுக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, இதைப் பார்த்துக்கொண்டு நின்ற டோரத்தியிடம் எங்களைக் காட்டி, இவர்கள் வீட்டிலும் பின்பாதி இல்லை என்று சொல்லிவிட்டார்.

டோரத்தி என்னிடம் வந்து, இரவு தங்க இடம் வேண்டுமா என்று கேட்டார். என் வாய் பழக்கத்தில், “நோ, நோ, வீ ஆர் ஃபைன்” என்றது. அவர் என்னைப் பார்த்தார், ஏர்லின் கோட்டைப் பார்த்தார். பிறகு என் தோளிலிருந்து குழந்தையை வாங்கி, போர்வையில் சுற்றி, கட்டில்கள் போட்டிருந்த பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அழுதேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் காலை ரொட்டி கொடுத்தார்கள். சரசு கையில் பட்டையோடு வீடிழந்தவர்கள் வரிசையில் நின்று தன் பங்கை வாங்கினாள். நின்றபடியே தின்று முடித்து, மேசையைச் சுற்றிக்கொண்டு கொடுக்கிறவர்கள் பக்கம் போனாள். அடுத்து வந்த எனக்கு இரண்டு ரொட்டி எடுத்து வைத்தாள். ஒன்று போதும் என்றேன். அவள் காதில் வாங்கவே இல்லை.