பிரபாலினியும் ஆளில்லாத வண்டியும்

பிரபாலினியைப் போல அவதானமாகக் கார் ஓட்டுகிற ஆள் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்திலேயே இல்லை. அதனால்தான் ஆறு தரம் பரீட்சைக்குப் போயும் அவளுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை.

முதல் தரம், பஸ்ஸுக்குக் காத்து நின்ற கிழவி ஒருத்தி வீதியைக் கடக்கப் போகிறாள் என்று நினைத்துக் காரை நிறுத்தினாள். கிழவிக்குக் கடக்கிற எண்ணமே இல்லை. போ, போ என்று கையைக் காட்டிய பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று பிரபாலினி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். மூன்றாம் தரம் ஒரு புறாவுக்காக நின்றாள். ஐம்பதில் போக வேண்டிய வீதியில் முப்பதில் ஊர்ந்தது எத்தனையாம் தரம் என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

ஆறாம் தரம் வெண்ணெய் திரண்டுவரும் நேரத்தில் தாழி உடைந்த கதை. எல்லாம் ஒழுங்காக முடிந்து திரும்பி வரும் வழியில், அடையாளப் பலகை எதுவும் இல்லாத ஒரு நாற்சந்தி வந்தது. அப்படிப்பட்ட சந்தியில் வலப்பக்கத்தால் வருகிறவருக்கே முதலிடம். அன்று அந்த முதலிடம் பிரபாலினிக்கு. அவளோ மற்றக் காரின் சாரதியைப் பார்த்து, நீங்கள் போங்கோ என்று கையைக் காட்டினாள். அவன், இல்லை நீங்கள் என்று காட்டினான். அவள் திரும்பவும் காட்டினாள். கலியாண வீட்டுப் பந்தியில் யார் முதலில் இருப்பது என்று இழுபடுவது போல நாலு தரம் இழுபட்ட பிறகு, பின் சீட்டில் இருந்த பரீட்சகர் லூட்கே காரை ஓரங்கட்டச் சொன்னார். மரியாதைக்கு மதிப்பெண் கிடையாது.

அவளுடைய கணவன் ராசன் இருபத்திரண்டு வருடமாக லொறி ஓட்டுகிறவன். இரக்கப்பட்டாலும் அதை நக்கலாகத்தான் சொல்லுவான். ஆளுக்கொரு சுபாவம், என்ன செய்வது.

அந்த வசந்த காலத்தில் ரயில் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே, சாரதி இல்லாமல் தானே ஓடுகிற மின்சார வண்டி ஒன்றைப் பரீட்சார்த்தமாக விட்டார்கள். வெள்ளை நிறம், எட்டுப் பேர் இருக்கலாம், ஃபிரிட்ஜுக்குச் சில்லுப் பூட்டின மாதிரி ஒரு தோற்றம். அதன் உச்சியில் நாலு பக்கமும் பார்க்கிற கருவிகள். அதுவும் எல்லாவற்றுக்கும் நின்றது. காற்றில் பறந்த பொலித்தீன் பைக்கு நின்றது. சும்மா கதைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு நின்றது. இதை நம்பி வேலைக்குப் போகலாமா என்று ஊர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். ராசனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“உன்னை மாதிரியே ஒண்டைச் செய்து ரோட்டில விட்டிருக்கிறாங்கள்” என்றான்.

பிரபாலினிக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றிலிருந்துதான் அந்த வண்டியில் அவளுக்கு ஒரு பாசம் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் அவளுக்கு வேலை. தினமும் காலையில் அந்த வண்டியில் ஏறி, முன் கண்ணாடியோடு ஒட்டிய சீட்டில் இருந்து, அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டு போவாள். மற்றவர்கள் பெருமூச்சு விடுகிற இடத்தில் இவள் தலையாட்டுவாள். சரியாகத்தான் நிற்கிறது, நானும் இதில் நின்றிருப்பேன் என்று நினைப்பாள்.

ஆனால் அவளுடைய நிலைமை அவ்வளவு வேடிக்கையானதாக இருக்கவில்லை. பதினொரு வருடம் சட்டி பானை கழுவின ஆவியில் வெந்தவள், வேலை முடிந்த பின் படித்துப் பராமரிப்பாளர் சான்றிதழ் எடுத்திருந்தாள். வீடு வீடாகப் போய் வயோதிபர்களைப் பார்க்கிற வேலை ஒன்று அவளுக்கென்று காத்திருந்தது. அதற்குக் கார் ஓட்ட வேண்டும். லைசென்ஸ் எடுக்க எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணினால் ஒரு வருடத்துக்குள் கார் ஓட்டுகிற பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டும். அந்த ஒரு வருடம் வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. அது தவறினால் எல்லாம் முதலிலிருந்து. வேலையும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஏழாவது பரீட்சைக்கு டெர்மின், அதாவது தவணை, செவ்வாய்க்கிழமை காலை. பயிற்சி கொடுத்த எவ்லின் வழக்கம் போலப் பக்கத்து சீட்டில் இருந்தாள். பின் சீட்டில் வந்து ஏறியவர் அதே லூட்கே. பிரபாலினி சீட் பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

இருபது நிமிடம் நன்றாகப் போனது. ஐம்பதில் ஐம்பது போனாள். புறா வந்தது, தானாகவே பறந்தது. பிறகு லூட்கே ஒரு ஒடுங்கிய வீதிக்குள் திருப்பச் சொன்னார். அங்கே ஒரு நாற்சந்தி, பலகை இல்லை. மூலையில் ஒரு வான் நின்று மறைத்ததால், வலப்பக்கம் பார்ப்பதற்காகக் காரின் மூக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டினாள். பார்த்தாள். வலப்பக்கத்தால் அந்த வெள்ளை வண்டி வந்துகொண்டிருந்தது. உடனே நிறுத்தினாள்.

அதுவும் நிறுத்தியது.

முதலிடம் அதற்குத்தான். இவள் போனால் அந்த இடத்திலேயே பெயில். போகாமல் நின்றால், தயக்கம் என்று எழுதி அதற்கும் பெயில். பிரபாலினியின் கை பழக்கத்தில் தானாக எழும்பியது. யாருக்குக் காட்டுவது? வண்டிக்குள் மடியில் நாய்க்குட்டியோடு ஒரு கிழவர் மட்டும் இருந்து இவளையே பார்த்தார். கை மெதுவாக இறங்கியது. மேல்மாடி ஜன்னலில் தலையணையில் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்த்த ஒருவர், இண்டைக்கா நாளைக்கா என்று கத்திக் கேட்டார். லூட்கேயின் பேனை பின்னால் கீறிக்கொண்டிருந்தது.

பிரபாலினி வண்டியைப் பார்த்தாள். அது ஏன் நிற்கிறது என்று அந்த வீதியில் வேறு எவருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். முன்வைத்த காலைப் பின்வைக்கக் கூடாது என்று வீரம் பேசுகிறவர்கள் பேசட்டும். அவள் கண்ணாடி மூன்றையும் பார்த்தாள், தோளுக்கு மேலால் திரும்பிப் பின்பக்கம் முழுவதையும் பார்த்தாள், றிவேர்ஸ் போட்டு ஒரு மீற்றர் பின்னுக்கு எடுத்து, நிறுத்தினாள்.

மூன்று வினாடி. வண்டி சத்தமில்லாமல் அசைந்து, சந்தியைத் தாண்டிப் போனது. கிழவர் உள்ளேயிருந்து தொப்பியைத் தூக்கினார். பிரபாலினி அதற்குப் பிறகு தன் வழியில் போனாள். மிச்சப் பரீட்சை எப்படி முடிந்தது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

கார் பழக்குகிற பாடசாலை வாசலில் கார் நின்றதும் லூட்கே பேனையை மூடினார். தன்னிடம் பரீட்சைக்கு வந்தால் அந்த வண்டியை முதல் சந்தியிலேயே பெயிலாக்கி அனுப்புவாராம், அவ்வளவு தயக்கமாம். எவ்லின் சிரித்தாள். பரீட்சைக்கு வந்தவளும் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. லைசென்ஸ் அட்டை அந்த மனிதரிடம்தானே இருக்கிறது? பிரபாலினிக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏழு மாதமாக நான் தினமும் அதில் போகிறேன்” என்று அவளுடைய டொச் (ஜெர்மன்) மொழியில் மெதுவாகச் சொன்னாள். “பிந்தியிருக்கிறேன். ஒரு நாளும் பயந்ததில்லை.”

பின்னுக்கு எடுத்தால் அது போகும் என்று எப்படித் தெரியும் என்று லூட்கே கேட்டார்.

“நானும் அப்படித்தான். முன்னால் ஒருவர் மூக்கை நீட்டினால் எனக்கும் கால் எழும்பாது.”

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, அட்டையை எடுத்து, அவள் கையில் வைத்தார். எவ்லின் கட்டிப்பிடித்தாள். பிரபாலினி வாய்விட்டு அழுதாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குப் பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை, அப்போது நோவு இருந்தது.

ராசனுக்கு ஃபோன் எடுத்து விஷயத்தைச் சொன்னாள். நக்கல் வரும் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து வேறு ஒருவர் ஓட்டுகிற காரில் ஏறி இருக்காத மனிதன் அவன். மைத்துனன் ஓட்டினாலும் பஸ்ஸில்தான் வருவான்.

“நாளைக்கு என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுறியே?” என்று கேட்டான்.

பிரபாலினி கண்ணைத் துடைத்தாள்.

“ஓம், விடுறன். ஆனால் அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிட வேணும்.”