அழகரத்தினத்தின் தோணிக்குள் தண்ணீர் வந்த வழி

அழகரத்தினத்தின் வாழ்க்கையை எழுதப் புகும் எவரும் முதலில் அவருடைய தோணியைப் பற்றித்தான் எழுதவேண்டும். மனிதரில் எழுதுவதற்கு அதிகம் இல்லை. நடுத்தர உயரம், மீசை உண்டு, கெட்ட பழக்கம் வெற்றிலை மட்டும். தோணியோ அப்படியல்ல.

எஞ்சின்களுக்குத் தடை விழுந்து, மண்ணெண்ணெயைக் கஷாயம்போல அளந்து கொடுத்த அந்த யுத்த வருடங்களில், படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து டவுனுக்குப் போக அவருடைய பாய்த்தோணியே கதி. காலையில் அரிசி மூட்டைகளும் ஆட்களுமாகப் போவார். பின்னேரம் மாட்டுத் தவிட்டு மூட்டைகளும் அதே ஆட்களுமாகத் திரும்புவார். மகள் தவமலருக்கு இந்தத் தோணியைத்தான் சீதனமாகப் பேசியிருந்தார். ஷெல் விழுந்து வீடு கூரையிழந்து நின்றது. கொடுக்கக்கூடிய நிலையில் மிதந்துகொண்டிருந்த சொத்து இது ஒன்றுதான்.

அது சரியாக மிதக்கவில்லை என்பதே சிக்கல். காலைப் பயணத்தில் தோணி உள்ளே பொரிபோலக் காய்ந்திருக்கும். திரும்பும்போது நடு வாவியில் தண்ணீர் வரும். மரியாதையுள்ள தண்ணீர், பாய்ந்து வராது, கசிந்து வரும். முதலில் குதிகாலைத் தொடும், பிறகு சேலைக் கரையை. ஆட்கள் பால்மா டின்னால் இறைத்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். கரையில் இழுத்துக் கவிழ்த்துப் பார்த்தால் ஓட்டை இருக்காது.

தோணி கட்டும் மஜீட் ஓடாவி வந்தார். அடிப்பலகையைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், டாக்டர்மாரைப்போல நெற்றியைச் சுருக்கினார்.

"அழகு, உன்ட தோணிக்கு ஒரு நோயும் இல்ல. ஓட்டையக் காட்டு, அடைக்கிறன். இல்லாத ஓட்டைய நான் என்னத்தால அடைக்கிற?"

"இல்லாத ஓட்டையால தண்ணி எப்பிடி வருது, மஜீட் காக்கா?"

"அத நீ தண்ணிட்டக் கேளு."

மனைவி அன்னப்பூரணி இது கண்ணூறு என்று தீர்ப்பளித்து, தோணியின் முன்கொம்பில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கட்டினாள்; மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தியும் வைத்தாள். டவுன் பக்கத்துத் தண்ணீருக்குப் பாரம் கூடுதல் என்று ஊரில் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். அழகரத்தினம் எல்லாக் கட்சிக்கும் இடங்கொடுத்தார். பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் மேலும் மேலும் திணித்தார். தோணி கொழுத்தது. தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

செய்தி மாப்பிள்ளை பேரின்பத்தின் தாய் ஆச்சிப்பிள்ளையின் காதுக்குப் போனது. மறுநாளே மகனோடு வந்து இறங்கினாள்.

"அண்ணே, தோணியத் தாறீங்களோ, தாழப்போற பலகையத் தாறீங்களோ? நான் இண்டைக்கு உங்களோட டவுனுக்குப் போய் வருவன். திரும்பி வந்து இறங்கக்குள்ள என்ட கால் நனைஞ்சிருந்தா, இந்தக் கலியாணப் பேச்ச விட்டுருவம்."

"அதுக்கென்ன தங்கச்சி, ஏறுங்க" என்றார் அழகரத்தினம். சிரித்தபடி சொன்னார், வெற்றிலை மட்டும் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

போகும்போது ஒரு சொட்டில்லை. ஆச்சிப்பிள்ளையே தலையை ஆட்டினாள். பின்னேரம் டவுன் துறையில் தவிட்டு மூட்டைகள் வழக்கம்போலப் பாய்மரத்தடியில் ஏறின, ஆட்கள் ஏறினார்கள், பிறகு வழக்கம்போலச் சோதனை போட ஓர் ஆமிக்காரப் பொடியனும் ஏறினான். தவிட்டுக்குள் தடைசெய்த பற்றரி கிற்றரி ஒளித்திருக்கிறதா என்று பார்க்க, முனை தீட்டிய நீட்டுக் கம்பியால் மூட்டைகளைக் குத்துவது அவன் உத்தியோகம்.

இந்த இடத்தில் அக்கால நாகரிகம் ஒன்றைப் பதியவேண்டும். சோதனை நடக்கும்போது நாங்கள் எல்லாரும் எங்கள் கால் பெருவிரலைத்தான் பார்ப்போம். முகத்தைப் பார்த்தால் ஏன் பார்க்கிறாய் என்பார்கள். தோளில் தொங்கும் துவக்கைப் பார்த்தால் அதைவிட மோசம். வாவியைப் பார்த்தாலோ, யாரைத் தேடுகிறாய் என்று தொடங்கும். ஆகவே அழகரத்தினத்துக்குத் தன் பெருவிரல் நகத்தின் வரைபடம் மனப்பாடம். இரண்டு முழம் தள்ளித் தன் தோணிக்குள் நடப்பது தெரியாது.

ஆச்சிப்பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. பேரின்பத்தைப் பெற்ற நாள்தொட்டு, அவளுக்கும் அவள் கால்விரல்களுக்கும் நடுவே அவளே மலைபோல இருந்தாள். வேறு வழியின்றிக் கம்பியைப் பார்த்தாள்.

"இஞ்ச அண்ணே, ஈரத் தவிட்டையா ஏத்தினீங்க?"

"சே, நல்லாக் காஞ்ச தவிடு."

"மறுகா ஏன் கம்பி நுனி நனைஞ்சு வருது?"

தோணியிலிருந்த அத்தனை பேரும் ஒரேயடியாகத் தலை நிமிர்ந்தார்கள். அந்தத் துறையில் அது நடந்ததில்லை. ஆமிக்காரனும் திடுக்கிட்டுத் தன் கம்பியைப் பார்த்தான். நுனியில் வாவி சொட்டியது.

பேரின்பம் மூட்டையை நகர்த்தினான். கம்பி மூட்டையைக் கடந்து, பலகை இடுக்கின் பஞ்சைக் கடந்து, வாவியைத் தொட்டு வந்திருந்தது. மூட்டையிலிருந்து கொட்டும் தவிடு அந்தத் துளைக்குள் இறங்கி, ஊறிப் பருத்து, ஊர்க்கரை சேர்வதற்குள் அதை அடைத்துவிடும். மஜீட் ஓடாவிக்கு எங்கே அகப்படும்?

"விடுங்க தங்கச்சி" என்று கிசுகிசுத்தார் அழகரத்தினம். அவர் கண் மறுபடி பெருவிரலுக்குப் போயிருந்தது. "கேட்டா வில்லங்கம். நான் வீட்ட போய் அடைக்கிறன்."

"என்னத்த விடுற? என்ட மகன்ட தோணில இவன் ஏன் ஓட்டை போடுறான்?"

'என்ட மகன்ட தோணி' என்றது அழகரத்தினத்தின் காதில் விழுந்தது. அன்னப்பூரணிக்கு உடனே சொல்ல ஆளில்லையே என்று தவித்தார்.

ஆச்சிப்பிள்ளை ஆமிக்காரனிடம் திரும்பி, பாதி தமிழிலும் பாதி கையாலும் வழக்குப் பேசினாள்.

"தம்பி, காலையில அரிசி மூட்டைய இறக்கி வெச்சுத்தானே குத்தினீங்க? இப்பயும் இறக்கித் தாறம். கரையில வெச்சு ஆசைதீரக் குத்துங்க. தோணியக் குத்தாதீங்க. விளங்குதா?"

அவனுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. சொந்தத் தாயின் சத்தம் அதில் கேட்டிருக்க வேண்டும். "ஹரி அம்மே, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிக் கம்பியைத் துடைத்துக்கொண்டு கரைக்குத் தாவினான்.

"டேய் பேரின்பம், என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மாமாட மூட்டையள இறக்கு!"

மாப்பிள்ளை இறக்கினான், குத்துப்பட்டதும் திரும்ப ஏற்றினான், முதுகு நோக நாரியைப் பிடித்துக்கொண்டான். மாமனார் இடுப்பில் கட்டியிருந்த சாறத்தின் ஓரத்தைக் கிழித்துத் துளையில் திணித்தார். துணி தவிடல்ல, நடு வாவியில் அது தன் வேலையை விட்டது.

"கால் நனையுதே தங்கச்சி" என்றார் அழகரத்தினம், நேர்மையான மனிதர் என்பதால்.

"நனையட்டும், இறைக்கத்தான் இவன் இருக்கானே" என்று மகனிடம் டின்னை நீட்டினாள் ஆச்சிப்பிள்ளை. "கலியாணத்த ஆவணியில வைப்பம் அண்ணே. பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திவாற அண்டைக்கு மட்டும் ஒரு தவிட்டு மூட்டையும் ஏத்திராதீங்க."