மூடி குழிந்த டப்பா

அந்த வீட்டுக்கு மருமகள்கள் மூன்று பேர். மூத்தவள் பெரிய அண்ணி, கடைசியாக வந்தவள் சின்ன அண்ணி, இடையில் வந்த இவள் நடு அண்ணி. அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது ஒரே நாத்தனார், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பிறகு பெரிய அண்ணி புருஷன் வேலையோடு தூரத்து ஊருக்குப் போனாள். சின்ன அண்ணி அம்மா வீட்டுப் பக்கமாக வீடு பார்த்துக்கொண்டு போனாள். முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை, ஆனாலும் 'நடு' மட்டும் போகவில்லை. பால் ஊற்றுகிறவர், தபால் கொண்டுவருகிறவர், அவள் துணி மடிக்கப் போகும் சலவைக் கடை முதலாளி, எல்லோருக்கும் அவள் நடு அண்ணிதான். முதலாளி அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அதைச் சொன்னால் அவர் கேட்கவா போகிறார்.

புருஷன் பஸ் டிப்போவில் உதிரிச் சாமான் அறைக்குப் பொறுப்பு. ஸ்டோர்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். ஆயிரம் சாமானில் எது எந்தப் பொந்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டுக்கு வரும்போது மட்டும் அந்த ஒழுங்கை டிப்போ வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறவர் என்று பேர் வாங்கியிருந்தார். செருப்பை உதறினால் ஒன்று குப்புற விழும், இன்னொன்று பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

வீடு என்பது ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு கொடி கட்டும் அளவுக்கு இடம். அதற்குள் ஒரு மகனை வளர்த்துப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்தாயிற்று. இடம் போதவில்லை என்று நடு அண்ணி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும், அது அவள் போட்ட சட்டம். போவதற்கு முன் அதனிடம் வாங்க வேண்டிய வேலையை எல்லாம் வாங்கிவிடுவாள். ஸ்டோர்காரரின் சட்டைக் காலர் நைந்தால் பிரித்துத் திருப்பித் தைப்பாள். அதுவும் நைந்தால் பொத்தானை வெட்டி எடுத்துக்கொண்டு சட்டையைத் தலையணை உறையாக்குவாள். பிறகு அது அடுப்படித் துணி, கடைசியில் தரை துடைக்கிற துணி. "என் நீலச் சட்டை எங்க?" என்று அவர் கேட்டால், "அது மேலதான் நிக்கிறீங்க" என்பாள்.

சமையலறைச் சுவரில் மூன்று தட்டு. மூன்றிலும் சேர்த்துப் பத்தொன்பது டப்பா. ஒன்று போல இன்னொன்று இருக்காது. பிஸ்கட் வந்த டப்பா, பால்மாவு வந்த டப்பா, வாயகன்ற கண்ணாடி ஜாடி, மூடி தொலைந்து சின்னத் தட்டு கவிழ்த்த பித்தளைச் செம்பு. வந்து பார்க்கிறவர்களுக்கு அது பழைய சாமான் கடை. அவளுக்கு அப்படி இல்லை. ஏன் இல்லை என்பதுதான் அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அவள் ஒரு தையல் கடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முதுகு வலிக்கிறது என்று அதை விட்டாள், சலவைக் கடைக்குத் துணி மடிக்கப் போனாள். முதுகு நன்றாகத்தான் இருந்தது. கண்தான் போய்க்கொண்டிருந்தது. தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். கண்ணாடி போட்டுத் தீர்கிற கோளாறு இல்லை, மாத்திரை சாப்பிட்டால் மெதுவாகப் போகும், சாப்பிடாவிட்டால் வேகமாகப் போகும் என்றார் டாக்டர். எதையும் நேராகப் பார்த்தால் நடுவில் புகை. ஓரக்கண்ணால் பார்த்தால் கொஞ்சம் தெரியும். "என் பேரும் நடு, போனதும் நடு" என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். பஸ் எண்ணைப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுத்தான் ஏறினாள்.

வீட்டுக்குள் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கை போனால் போதும். வரி வரியாக இருப்பது டீத்தூள், கழுத்து ஒடுங்கியது உப்பு, மூடி குழிந்தது சர்க்கரை. கொடியில் கிளிப் எங்கே, வாளி எங்கே, எல்லாம் காலுக்கும் கைக்கும் தெரியும். ஆனால் மகன் இருக்கிறானே, அவன் அன்புக்கு மூக்கணாங்கயிறு கிடையாது. தூரத்து நகரத்தில் நாலாவது மாடியில் வீடு. "உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது ஒண்ணுன்னா அன்னைக்கே லாரியோட வந்துடுவேன்" என்று போனுக்குப் போன் சொல்வான். போன வருஷம் அங்கே ஒரு மாதம் இருந்தாள். கண்ணாடிக் கதவில் இரண்டு தடவை நெற்றியை இடித்துக்கொண்டாள். அதன் பிறகு சோபாவை விட்டு எழவில்லை, யாரோ வந்து வாங்கிக்கொள்ள வேண்டிய பார்சல் மாதிரி உட்கார்ந்தே இருந்தாள். மருமகள் நல்ல பெண், டம்ளரைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். அதுதான் நடு அண்ணிக்குத் தாங்கவில்லை. கண் விஷயம் வெளியே தெரிந்தால் மிச்ச காலம் முழுக்க அந்தச் சோபாதான் என்று பயந்தாள்.

இப்படி இருக்கையில் நாத்தனார் வந்தாள். அவள் வீட்டில் குழாய் வேலை நடக்கிறது என்று பத்து நாளைக்கு அண்ணன் வீட்டில் தங்க வந்தாள். அவளை எல்லோரும் ரேடியோ என்பார்கள். வாயை மூடத் தெரியாதே தவிர, மனசு தங்கம். வீட்டை அழகாக அடுக்குவது எப்படி என்று போனில் படம் படமாகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு வேகம் வந்திருந்தது. வந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, நடு அண்ணி சலவைக் கடைக்குப் போன நேரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சாயங்காலம் நடு அண்ணி வீட்டுக்குள் கால் வைத்ததும் நாத்தனார் அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, பாருங்க! எப்படி இருக்கு?"

நடு அண்ணி பார்த்தாள். வெள்ளையாக ஏதோ வரிசை தெரிந்தது. கையை நீட்டினாள். வழவழ என்று சதுரமாக ஒரு டப்பா. பக்கத்தில் அதே. அதற்குப் பக்கத்திலும் அதே.

"இருபத்துநாலு! எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதி ஒட்டியிருக்கேன், முத்து முத்தா. உங்க ஓட்டை உடைசலை எல்லாம் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேன். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி குடுத்தார் பாருங்க, குழந்தையைக் குளிப்பாட்டலாம்!"

"இந்த வீட்ல எந்தக் குழந்தை?" என்று மட்டும் கேட்டாள் நடு அண்ணி. 

"ஒரு டீ போடுங்க அண்ணி. உங்க கையால டீ குடிச்சாதான் எனக்கு அலுப்புத் தீரும்."

நடு அண்ணி ஒரு டப்பாவை எடுத்தாள். திறந்தாள், மோந்து பார்த்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்து மோந்து பார்த்தாள். மிளகாய்த்தூள். தும்மல் ஏழெட்டு வந்தது. நாத்தனார் முகம் சுண்டிப்போனது.

"என் டப்பா நாறுதா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன மோப்பம்? பேர்தான் கொட்டை கொட்டையா எழுதியிருக்கே? புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிடுங்க. நாள் பூரா முதுகொடிய வேலை செஞ்சிருக்கேன்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ரேடியோ சும்மா இருக்குமா? அங்கே நின்றபடியே அண்ணன் மகனுக்குப் போன் போட்டாள். திரும்பி வரும்போது கோபம் போய்ப் பெருமை வந்திருந்தது. "உங்க பையன்கிட்ட சொல்லிட்டேன். உங்கம்மா ஒரு மாதிரி இருக்காடா, டப்பாவை எல்லாம் மோந்து பாக்கறா, என்னமோ சரியில்லைன்னேன். ஞாயித்துக்கிழமை வரானாம். கையோட கூட்டிட்டுப் போயிடறேன்னான்."

நடு அண்ணி அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"உனக்கு மூடி வச்ச வாயே இல்லையாடி?" என்றாள். திட்டுவது போல ஆரம்பித்தது, அழுகையில் போய் முடிந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பொத்தான் தைக்கிற வேலையை விட்டதிலிருந்து, நாலாவது மாடிச் சோபா வரை.

நாத்தனாருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சு நின்றது. முந்தானையால் தன் கண்ணைத் துடைத்தாள், அப்புறம் அண்ணியின் கண்ணைத் துடைத்தாள், அதே முந்தானையில் மூக்கையும் சிந்தினாள். "நான் ஒரு பேர் எழுதுறவ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணனுக்காவது தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேணாம்."

அந்த நேரம் பார்த்து ஸ்டோர்காரர் டிப்போவிலிருந்து வந்தார். வாசலில் குனிந்தார். செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தார். உள்ளே வந்து, பையை ஆணியில் மாட்டினார். அறையின் நடுவே நாத்தனார் இழுத்துப் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கி, சத்தம் இல்லாமல் மூலையில் வைத்தார். மூன்று நாளாகக் கவனிக்காத நாத்தனார் இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவளுக்குத் தெரியாதா?

"அண்ணே! நீ எப்பலேருந்து செருப்பை நேரா வைக்கிற?"

ஸ்டோர்காரர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் மூலைக்குத் தள்ளினார்.

"அம்மா அடிச்சுப் பாத்தாங்க, நடக்கல. அண்ணி இத்தனை வருஷம் கெஞ்சிப் பாத்தாங்க, நடக்கல. இப்ப மட்டும் என்ன?"

"கால்ல தடுக்கும்ல" என்றார் அவர்.

"யார் கால்ல?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகம் வேறு பக்கம் திரும்பி இருந்தது. அப்படித் திரும்பினால்தான் அவளுக்கு அவரைத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஊசியில நூல் கோக்க என்னைக் கூப்பிட்டியே, அன்னைக்கே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீ சொல்லல. நானும் கேக்கல. ஸ்டோர்ல கரண்ட் போனா நான் கையாலதான் சாமான் எடுத்துக் குடுக்கறேன். எது எங்க இருக்குன்னு மாறாம இருந்தா வேலை நிக்காது. வீட்லயும் மாறாம பாத்துக்கிட்டா போதும்னு இருந்தேன்." தட்டில் இருந்த வெள்ளை வரிசையை அப்போதுதான் கவனித்தார். "இது என்ன, ஆஸ்பத்திரி மாதிரி?"

மறுநாள் காலை அண்ணியும் நாத்தனாருமாகப் பழைய சாமான்காரரின் கொட்டகைக்குப் போனார்கள். பாதி ஊரின் டப்பா அங்கே குவிந்து கிடந்தது.

"போட்டதைத் திரும்பக் கேட்டு வந்தது நீங்கதாம்மா முதல்" என்றார் அவர். "தொட்டியை வச்சுட்டு எடுத்துக்கங்க. எது உங்களுதுன்னு எனக்கு அடையாளம் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்று நடு அண்ணி குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் தடவித் தடவிச் சொன்னாள்.

"இது பெரிய அண்ணி ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போனது, கைப்பிடி ஆடும். நம்மது. இது உன் சின்ன அண்ணன் கோவத்துல விட்டெறிஞ்சது, அடியில சொட்டை இருக்கும். நம்மது. இது நம்ம வீடு இல்ல, எண்ணெய்ப் பிசுக்கு. எவளோ தேய்க்காம வச்சிருக்கா."

"இது, அண்ணி? பளபளன்னு நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்து என்ன, நம்ம வீட்டுப் பழக்கம் இல்லையே. வை அங்க."

பெரிய பிஸ்கட் டப்பா ஒன்று கைக்கு வந்ததும் நடு அண்ணி நிறுத்தினாள். அதன் மூடியைத் தடவினாள். நடுவில் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. நாத்தனாரின் கையைப் பிடித்து அந்தக் குழியில் வைத்தாள்.

"யார் பண்ணினது தெரியுமா?"

"யாரு?"

"நீதான். பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி தலை பின்ன இது மேலதான் உக்காருவ. ரெண்டு பின்னல் முடியறதுக்குள்ள எத்தனை ஆட்டம்! உன் கதை தாங்காமத்தான் இது குழிஞ்சது. நீ கல்யாணமாகிப் போன அன்னைக்கு இதுல சர்க்கரை கொட்டி வச்சேன். காலையில முதல்ல எடுக்கறது இதைத்தானே."

நாத்தனார் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வரும் வரை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

பதினெட்டு கிடைத்தது. வரி வரியான டீத்தூள் டப்பா மட்டும் கிடைக்கவில்லை. எவ்வளவு கிளறியும் இல்லை. நடு அண்ணி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, நாத்தனாரின் வெள்ளை டப்பா ஒன்றை எடுத்து, அதன் வயிற்றில் நாலு ரப்பர் பேண்டை மாட்டினாள். வரி வந்துவிட்டது. "புதுசு ஒண்ணு உள்ள, பழசு ஒண்ணு வெளிய. கணக்கு சரி" என்றாள். மிச்சம் இருபத்துமூன்றும் நாத்தனாரின் பைக்குத் திரும்பின.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். லாரி இல்லை, கார். வந்தவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அம்மாவையே பார்த்தான். நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தால் பல்வலிக்காரி என்று தோன்றும்.

நடு அண்ணி எழுந்து சமையலறைக்குப் போனாள். மகன் பின்னாலேயே போய் நிலையில் சாய்ந்து நின்றான். அவள் தட்டைப் பார்க்கவில்லை. கை போனது, ரப்பர் பேண்டைத் தொட்டது, டீத்தூள் விழுந்தது. கை போனது, குழியைத் தொட்டது, சர்க்கரை விழுந்தது. பால் பொங்கும் சத்தம் மாறியதும் அடுப்பைத் தணித்தாள். நாலு டம்ளர், ஒரு சொட்டுக் கீழே இல்லை.

மகன் குடித்தான். "நல்லாத்தாம்மா இருக்கு. இன்னும் கொஞ்சம் சர்க்கரை" என்று தானே எழுந்து டப்பாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதைக் கீழ்த் தட்டில் வைத்தான்.

"டேய்!" என்று அப்பாவும் அத்தையும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "எடுத்த இடத்துல வைடா!"

மகன் திடுக்கிட்டு நின்றான். அப்பாவின் குரலை அவன் இப்படிக் கேட்டதே இல்லை. நடு அண்ணி சிரித்துவிட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

"கண்ணு பாதி போச்சுடா. ரெண்டு வருஷமாச்சு. டாக்டர்கிட்ட போறேன், மாத்திரை சாப்பிடறேன். அடுத்த தடவை நீயும் வா, நேராவே கேட்டுக்க. ஆனா கண்ணுதான் போச்சு, வீடு போகல. இங்க நான் டீ போடுவேன். உன் வீட்ல எனக்கு டீ போட்டுத்தான் குடுப்பாங்க. மீதியும் போய், இங்கயும் முடியலைன்னா நானே கூப்பிடறேன், வந்து கூட்டிட்டுப் போ. அது வரைக்கும் என்னை விட்டு வை."

 மகன் அத்தையைப் பார்த்தான், அவள் தலையை ஆட்டினாள். வாசலைப் பார்த்தான். அப்பாவின் செருப்பு சுவரோரம் நேராக இருந்தது, அவனுடைய ஷூ இரண்டும் வழியில் தாறுமாறாகக் கிடந்தன. கீழ்த் தட்டிலிருந்து டப்பாவை எடுத்தான்.

"இதோட இடம் எதும்மா?"

"மேல் தட்டு, இடது ஓரம். சுவத்துல முட்டற வரைக்கும் தள்ளு."

அவன் தள்ளினான். டப்பா போய்ச் சுவரில் 'டங்' என்று முட்டியது. அந்தச் சத்தம் கேட்டதும் நடு அண்ணி தன் டீயை எடுத்துக் குடித்தாள். மகன் வாசலுக்குப் போய்க் குனிந்து, தன் ஷூவை எடுத்து அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தான்.