பெட்டியம்மாவும் ஒரு கிலோ கணவாயும்

"என்ன மருமகளே, எந்திரிச்சாச்சா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் அவள் கைப்பையை நாற்காலியில் மாட்டுவாள். பிறகு, பவுடர் பூசும் பழைய தூரிகையால் விசைப்பலகையைத் துடைப்பாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். அலுவலக ஏசிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

துறைமுகத்தில் கணினிக்குப் பெட்டி என்று பெயர்; அதனால் அவள் பெட்டியம்மா. எந்தப் படகு எங்கே வலை வீசியது, என்ன மீனோடு கரைக்கு வந்தது என்று பதிவு செய்யும் மீன்வளத் துறை மென்பொருளைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. அந்த மென்பொருளுக்கு அவள் மகனைவிட வயது அதிகம். எழுதியவர்கள் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அதைப் புதிதாக எழுதச் சொல்லி, துணைக்கு ஒரு செயற்கை நுண்ணறிவைத் துறை கொடுத்திருக்கிறது. பழைய நிரலைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் அது படித்துப் பொருள் சொல்லும்; புதிய முறையில் எழுதியும் தரும். அதுதான் மருமகள்.

"பையனுக்குப் பொண்ணு அமையற வரைக்கும் கம்ப்யூட்டர்கிட்ட மாமியார் ஒத்திகை பாக்குறா" என்பார் கணவர்.

ஒத்திகையில் குறையொன்றுமில்லை. "வேகமாத்தான் செய்யுற, சரி. ஆனா என்னைக் கேக்காம எதையும் தூக்கிப் போடக் கூடாது. புகுந்த வீட்டுல முதல்ல எந்தப் பாத்திரம் எங்க இருக்குனு பாக்கணும்." அது எழுதித் தரும் ஒவ்வொரு பகுதியையும் பழையதோடு பக்கத்தில் வைத்து, ஒரே பதிவுகளை இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பாள். விடை ஒத்துப்போனால் முகவாயை ஒருமுறை ஆட்டுவாள். பாராட்டு அவ்வளவுதான்.

சிரித்த முகக்காரி. ஆனாலும் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் அந்த முகம் வாடிப்போகும். கொழுந்தன் வந்திருக்கிறான் என்று அர்த்தம். அவள் மணமாகி வந்தபோது பள்ளிச் சட்டையோடு நின்ற பிள்ளை. அவள் பிசைந்து கொடுத்த சோற்றில் வளர்ந்தவன். இன்று சிறு படகு ஓட்டுகிறான். வடக்குத் திட்டு என்கிற கடற்பகுதியில் மீன் அற்றுப்போய்விட்டது, ஒரு பருவம் யாரும் வலை வீசாமல் அந்த இடத்தை மூடி வையுங்கள் என்று அவனும் மற்ற சிறு படகுக்காரர்களும் துறையிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அங்கிருந்து எந்தப் படகும் வெறுமனே திரும்பியதாகப் பதிவில்லை என்பதே பதிலாக வந்தது. அந்தப் பதிவோ அண்ணியின் கணினியில் இருந்தது.

"நான் வெறுங்கையோட வரேன். உங்க பெட்டி மீன் வந்துச்சுங்குது. எங்க ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றது, அண்ணி?" என்று கேட்டு, சாப்பாட்டிலிருந்து எழுந்து போனவன்தான். அதன்பின் அண்ணனைப் பார்க்க வந்தாலும் வாசற்கதவைத் தாண்டுவதில்லை. அவள் உள்ளே அவனுக்கும் சேர்த்து உலை வைப்பதை நிறுத்தவுமில்லை.

ஒருநாள் காலை, மீன்பிடிப் பதிவுகளை ஓட்டிப் பார்த்த மருமகள் உற்சாகமாக எழுதியது: "வடக்குத் திட்டில் கணவாய் மிகச் சீராகக் கிடைக்கிறது. பெரும்பாலான நாட்களில் படகுக்குச் சரியாக ஒரு கிலோ. இதற்குத் தனிப் பக்கம் அமைக்கட்டுமா?"

"சரியா ஒரு கிலோவா? கணவாய் என்ன, தராசைத் தூக்கிக்கிட்டா வலைக்குள்ள வருது?"

படகுத்துறையில் பதிவு போடும் எழுத்தரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அதுவா மேடம், காலியா வர படகுக்குப் போடுறது. எடையில பூஜ்யம் போட்டா உங்க பெட்டி அடுத்த பக்கத்துக்கு நகராதே. பட்டியல்ல முதல்ல இருக்கறது கணவாய். அதுல ஒண்ணைத் தட்டிட்டு அனுப்பிடுவோம். எனக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான்."

"ஏன்யா, இத்தனை நாளா யாரும் சொல்லவே இல்லியே?"

"யாரும் கேக்கலியே மேடம்."

போனை வைத்தாள். வளர்த்த பிள்ளையைப் பொய்யனாக்கியது ஒரு கிலோ கணவாய். அந்தக் கணவாயைப் பிடித்தவர் எவருமில்லை. சால்வை நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினாள். "பழசுல கை வைக்காத. வேற மீன் எதுவுமில்லாம ஒரு கிலோ கணவாய் மட்டும் இருக்கற பதிவுக்கெல்லாம் பக்கத்துல ஒரு குறி போடு. நெஜமாவே கணவாய்க்குப் போன படகு எதுன்னு நாங்க விசாரிச்சுச் சொல்றோம். புதுசுல பூஜ்யம் போட வழி விடு."

விசாரித்து முடித்தபோது, வடக்குத் திட்டு வரைபடத்தில் துடைத்துவைத்த தட்டு மாதிரி வெறிச்சென்று கிடந்தது. துறை அதிகாரி அதைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எழுத்தரையும் கூப்பிட்டுக் கேட்டார். அந்த வாரமே திட்டுக்கு ஒரு பருவம் ஓய்வு என்று உத்தரவு வந்தது. மருமகளுக்காக அன்று அவள் முகவாய் இரண்டு முறை ஆடியது.

புதிய மென்பொருள் படகுத்துறைக்கு வந்த முதல் நாள், அவளே போய் எழுத்தரின் பின்னால் நின்றாள். வெயில் ஏறும் நேரத்தில் கொழுந்தன் வந்தான். வேறு பக்கம் போயும் அன்றைக்கு வாய்க்கவில்லை. கையில் வெறும் கூடை. எழுத்தரின் விரல் பழக்கதோஷத்தில் கணவாயைத் தேடிப் போயிற்று.

"பூஜ்யம் போடுங்க" என்றாள் அவள்.

போட்டார். திரை மறுபேச்சில்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தது. கொழுந்தன் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைலேர்ந்து நின்னுக்கிட்டா இருக்கீங்க?"

"என் காலுக்கு ஒண்ணும் ஆகாது. நீ சாப்டியா?"

அவன் கூடையைத் தரையில் கவிழ்த்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கூடையின் ஈரத்தைத் துடைத்து, அண்ணி உட்கார அவள் பக்கமாக நகர்த்திவைத்தான்.